குறைக்கக் குறைக்க ஏறிய எண்

டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தத் துப்பறியும் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் இரண்டே வகை. மனைவியைச் சந்தேகிக்கும் கணவர்கள் ஒரு வகை, கணவரைச் சந்தேகிக்கும் மனைவிகள் இன்னொரு வகை. மழை பிடித்துக்கொண்ட அந்தத் திங்கட்கிழமை காலையில் வந்தவர் இரண்டிலும் சேரவில்லை. அவர் தன் ரத்தத்தைச் சந்தேகித்தார்.

முதலில் அவரைப் பார்த்தது தபால்காரர். முப்பத்தைந்து வருடம் அடுத்தவர் கடிதங்களைப் பிரிக்காமலேயே கொண்டுபோய்க் கொடுத்த மனிதர். உள்ளே என்ன எழுதியிருக்கும் என்ற ஏக்கம் ஓய்வு பெற்ற பிறகும் தீராததால், இங்கே உதவியாளராகச் சேர்ந்திருந்தார். வயது அறுபத்தொன்று. ஆர்வம் மட்டும் பதினாறில் நின்றுவிட்டது.

வந்தவர் மழைக்கோட்டைக் கழற்றவே ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டார். முதலில் வலது கையை உருவினார். பிறகு அந்தக் கையாலேயே இடது பக்கத்தை, வாழைப்பழத் தோலை உரிப்பதுபோல மெல்ல உரித்துப் போட்டார். தபால்காரர் அதைப் பார்த்தார். தரையில் தண்ணீர் சொட்டுகிறதே என்று மட்டும் கவலைப்பட்டார்.

மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்மணிக்கு ஊர் வைத்த பெயர் தராசு மேடம். எடை அளவுத் துறையில் இன்ஸ்பெக்டராக இருந்தவர். பன்னிரண்டு வருடம் கடை கடையாக ஏறி இறங்கித் தராசுகளைச் சோதித்ததில், யார் என்ன சொன்னாலும் முகம் மாறாத ஒரு சமநிலை அவருக்கு வாய்த்திருந்தது.

"சொல்லுங்க," என்றார்.

"மேடம், எனக்குத் தெரியாம என் உடம்புக்குள்ள யாரோ மருந்து ஏத்தறாங்க."

தபால்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வந்தவர் டவர் கிரேன் ஓட்டுபவர். பத்தொன்பது மாடி உயரத்தில், ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து இரும்புத் தூண்களை இடம் மாற்றி வைப்பது அவர் வேலை. ஐந்து வருடத்துக்கு முன் அவருடைய மூளைக்கு அடியில் ஒரு கட்டி வந்து, அதை எடுத்திருந்தார்கள்.

"கட்டியோட சேத்து அந்த இடத்துல இருந்த சுரப்பியும் படுத்துடுச்சு. டெஸ்டோஸ்டிரான்னு ஒண்ணு மேடம், ஆம்பளைங்களுக்குத் தானா ஊறும். எனக்கு ஊறாது. வெளியிலேர்ந்து வாங்கித்தான் ஊத்திக்கணும்."

"ஊசியா?"

"முதல்ல ஊசி. போட்ட முதல் வாரம் நான் சிங்கம். மூணாவது வாரம் பிழிஞ்ச துணி. அதோட ரத்தம் வேற கெட்டியாயிடுச்சு. அம்பத்தஞ்சுன்னு ஏதோ சொல்லி, ஒரு பை ரத்தத்தை உருவி எடுத்தாங்க. அப்புறம்தான் ஜெல்லுக்கு மாத்தினாங்க. தினம் காலைல குளிச்சுட்டு பாட்டில் பம்பை நாலு அழுத்து அழுத்தி, தோள்ல புஜத்துல தேய்ச்சுக்கணும். கையைச் சோப்பு போட்டுக் கழுவணும். முழுக்கை சட்டை போடணும், வீட்ல யார் மேலயும் ஒட்டக் கூடாது. ரெண்டு வருஷம் அளவு ஐந்நூத்துச் சொச்சம். ஒரு குறையும் இல்ல."

"இப்ப?"

அவர் ஒரு கோப்பை மேசையில் வைத்தார். நான்கு மாதத்துக்கு முன் கம்பெனி பரிசோதனையில் அளவு 1,410. ஆயிரத்தைத் தாண்டக் கூடாது. டாக்டர் மருந்தைப் பாதியாக்கினார். இரண்டு மாதம் கழித்து எடுத்தபோது 1,980.

"குறைக்கக் குறைக்க ஏறுது மேடம். கம்பெனி டாக்டர் என்னை திருடனைப் பாக்கற மாதிரி பாக்கறாரு. நான் திருட்டுத்தனமா ஸ்டீராய்டு போடறேனாம். வர்ற வெள்ளிக்கிழமை முடிவு சொல்லிடுவாரு. ஜெல்லை முழுசா நிறுத்திட்டு, கிரேன்லேர்ந்தும் இறக்கிடுவாங்க. எனக்கு வேற வேலை தெரியாது."

"நீங்க யாரைச் சந்தேகப்படறீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "என் மச்சினனை. என் சம்சாரத்தோட தம்பி. ஜிம்ல ட்ரெய்னர், எங்களோடதான் இருந்தான். தினம் காலைல ஏதோ புரோட்டீன் பவுடரைக் கலக்கி எனக்கும் ஒரு டம்ளர் தருவான். ரெண்டு வாரம் முன்னாடி அந்த டம்ளரைத் தூக்கி அடிச்சேன். வீட்டை விட்டுப் போயிட்டான். சம்சாரம் அன்னிலேர்ந்து என்கிட்ட பேசறதில்ல."

தபால்காரர் தன் நோட்டில் 'மச்சினன்' என்று எழுதி, அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டார். வழக்கு முடிந்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது.

தராசு மேடம் அந்தப் பக்கமே திரும்பவில்லை. "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"அதான் சொன்னேனே, 1,980."

"அது லேப் சொன்னது. உடம்பு என்ன சொல்லுது?"

யாரும் கேட்டுப் பழக்கமில்லாத கேள்வி என்பதுபோல அவர் விழித்தார். "அசதி. ஏணி ஏறி முடிக்கறதுக்குள்ள நாலு இடத்துல நிக்கறேன். சாயங்காலம் ஆனா தூக்கம் தூக்கமா வருது. போன வாரம் டிவில சோப்பு விளம்பரம் பாத்து அழுதேன்."

"நல்ல விளம்பரமா?"

"சுமாரான விளம்பரம்தான்."

மேடம் அறிக்கைகளைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில், யாரும் சிவப்பு மையால் சுழிக்காத ஒரு வரியில் அவர் விரல் நின்றது. ரத்தத்தின் கெட்டித்தன்மை: நாற்பத்தொன்று. அதைத் தபால்காரருக்கும் காட்டினார். தபால்காரர் தலையை ஆட்டினார். புரியாதபோது அவர் இன்னும் வேகமாக ஆட்டுவார்.

ஜெல் பெட்டியைக் கேட்டு வாங்கி, உள்ளே மடித்து வைத்திருந்த தாளை விரித்தார் மேடம். மடிப்பு கலையாத புதுத்தாள். ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டு, பழைய மடிப்பிலேயே மடித்துத் திரும்ப வைத்தார்.

"முதல்ல மச்சினனைப் பாத்துடலாம்," என்றார். தபால்காரர் அதற்குள் குடையை எடுத்துவிட்டிருந்தார்.

ஜிம்மில் மச்சினன் ஒரு குண்டு மனிதரை ஓட வைத்துக்கொண்டிருந்தான். தோள்கள் இரண்டும் கதவு அகலம். விஷயத்தைச் சொன்னதும் முகம் தொங்கிப்போனது.

"மாமாவுக்கு நான் மருந்து கலந்து குடுப்பேனா? எங்கப்பா செத்தப்ப என்னைப் படிக்க வச்சவரு அவரு."

"டப்பா எங்க?" என்றார் தபால்காரர், தொண்டையைத் தாழ்த்தி.

அலமாரியிலிருந்து வந்த டப்பா ஒரு ஆள் குளிக்கும் அளவு இருந்தது. மேலே புடைத்த நரம்புகளோடு ஒருவன் மலையைத் தூக்கிக்கொண்டிருந்தான். தபால்காரர் கடமை உணர்ச்சியோடு ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். கண்ணை மூடினார். திறந்தார்.

"மேடம், இது வறுத்த கடலை மாவு."

மச்சினன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "சத்தமா சொல்லாதீங்க சார். நிஜ பவுடர் விக்கிற விலைக்கு நான் எங்க போறது? ட்ரெய்னர் கையில டப்பா இல்லன்னா ஒருத்தனும் மதிக்க மாட்டான். மாமாகிட்ட சொன்னா சிரிப்பாருன்னு சொல்லல."

"மாமா இங்க வருவாரா?" என்றார் மேடம்.

"தினம் வந்துட்டிருந்தவரு. நாலஞ்சு மாசமா எட்டிப் பாக்கல. கேட்டா, போடா வேலை இருக்குங்கறாரு. முன்ன என்னோட போட்டி போட்டுக் கம்பியில தொங்குவாரு."

தபால்காரர் வெளியே வந்ததும் நோட்டில் மச்சினன் பெயரை அடித்தார். அடிக்க மனம் வரவில்லை. கடலை மாவு பல்லில் ஒட்டிக்கொண்டிருந்தது.

கிரேன்காரரின் மனைவி சட்டைத் தொழிற்சாலையில் பிழை பார்ப்பவள். தைத்து முடித்த சட்டைகளில் ஓடிய நூல், கோணல் காலர், பொத்தான் மாறாட்டம் எல்லாம் அவள் கண்ணுக்குத் தப்பாது. வீட்டில் அவள் பேச்சும் அப்படித்தான், ஒவ்வொரு குறையாக எடுத்து மேசையில் வைத்தாள்.

"அந்த மருந்தை அவரு நிறையத்தான் போடறாரு. சட்டையைத் திருப்பிப் பாத்தா தெரியும். இடது கை உள்பக்கம், முழங்கை மடிப்புல வெள்ளை வெள்ளையா பொடி ஒட்டியிருக்கு. மூணு தண்ணி போட்டாலும் போறதில்ல."

"வலது கை?"

"அது சுத்தமாத்தான் இருக்கு." சொன்னவள் ஒரு கணம் நிறுத்தினாள். தன் தொழிலில் பார்க்க வேண்டியதைப் பாதி பார்த்துவிட்ட சங்கடம் தெரிந்தது. பிறகு வேகமாகச் சொன்னாள்: "மருந்து இவ்ளோ ஏறியிருக்குன்னு காகிதம் சொல்லுது. வீட்ல நாலு மாசமா எனக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கறாரு. அப்ப அந்த மருந்தெல்லாம் யாருக்காக? நீங்க துப்பறியறவங்க, அதையும் சேத்துக் கண்டுபிடிங்க."

தபால்காரர் பேனாவை மூடிவிட்டார். சில விஷயங்களை எழுதிக்கொள்ளக் கூடாது என்று கடிதம் சுமந்த காலத்திலேயே அவருக்குத் தெரியும்.

மேடம் மட்டும் கேட்டார்: "தப்பா நினைக்காதீங்க. கட்டில்ல நீங்க அவருக்கு எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். கல்யாணம் ஆனதுலேர்ந்து."

அடுத்த நாள் காலை கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போனார்கள். கம்பெனியின் பரிசோதனை அறை ஒரு இரும்புக் கன்டெய்னருக்குள் இருந்தது. ரத்தம் எடுக்கும் அம்மாளிடம் பேச்சுக் கொடுக்கத் தபால்காரர் தன் உடம்பையே பணயம் வைத்து, சர்க்கரை பார்க்க வேண்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் வலது முழங்கை சுவரில் இடித்து, அறையே அதிர்ந்தது.

"எல்லாரும் இடிச்சுக்கறாங்க," என்றாள் அந்த அம்மாள். "நாலு மாசம் முன்னாடி இந்தப் பெட்டிக்குள்ள தள்ளினாங்க. நாற்காலி போக மிச்சம் இடம் இல்ல. இடது கையை நீட்டுங்க சார். இங்க எல்லாருக்கும் இடது கைதான்."

"கிரேன்காரர் எப்ப வருவார்?"

"ஷிப்ட்டுக்கு முன்னாடி, காலைல ஆறரைக்கு. குளிச்சுட்டு மணக்க மணக்க வருவாரு. முகத்துல மட்டும் ஈ ஆடாது."

மேடம் அவளிடம் ஒரே ஒரு உதவி கேட்டார். அதை அவர் காதோடு கேட்டதில் தபால்காரருக்கு வருத்தம்.

வெளியே வந்தபோது கிரேன்காரர் ஏணியின் அடியில் நின்றிருந்தார். மேடம் அவரைத் தனியாக அழைத்துப்போகவில்லை. குரலை மட்டும் குறைத்தார்.

"நாளைக்கு வழக்கம்போல குளிச்சு, ஜெல் போட்டுட்டு வந்து ரத்தம் குடுங்க. வெள்ளிக்கிழமை டாக்டர் ரூம்ல நான் பேசுவேன். நான் பேசி முடிச்சதும் அவர் ஒரு கேள்வி கேப்பார். அதுக்கு பதில் என் வாயிலேர்ந்து வராது. அது உங்களோடது."

கிரேன்காரர் தலையை நிமிர்த்தி, மேகத்துக்குள் பாதி மறைந்திருந்த கண்ணாடிக் கூண்டைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை டாக்டர் அறையில் நாற்காலிகள் போதவில்லை. மனைவி ஒரு மூலையில், அவள் தம்பி எதிர் மூலையில், நடுவில் கிரேன்காரர். ரத்தம் எடுக்கும் அம்மாள் கதவோரம் நின்றாள். தபால்காரர் கதவை மறித்தபடி நின்றார். குற்றவாளி ஓடினால் பிடிக்க வேண்டுமே. யார் ஓடுவார்கள் என்று அவருக்கு இன்னும் தெரியாது.

"டாக்டர்," என்றார் மேடம். "நான் தராசு பாத்த ஆளு. எடை தப்பா வந்தா எல்லாரும் கடைக்காரனை முறைப்பாங்க. நான் முதல்ல தராசைத் தூக்கிப் பாப்பேன். இந்த வழக்குல எண்ணை எல்லாரும் நம்பினீங்க. மனுஷனை யாரும் நம்பல."

"எண் பொய் சொல்லாதும்மா," என்றார் டாக்டர்.

"இதோ இன்னொரு எண். ஊசி போட்ட காலத்துல இவருக்கு மருந்து நிஜமாவே அதிகமாச்சு. அப்ப ரத்தம் கெட்டியாகி அம்பத்தஞ்சுக்குப் போச்சு. இப்ப நாலு மாசமா அளவு ரெட்டிப்புன்னா ரத்தம் என்ன ஆகியிருக்கணும்? நாப்பத்தொண்ணுக்கு இறங்கியிருக்கு. ஆளு ஏணியில நின்னு நின்னு ஏறறாரு, தூங்கி விழறாரு, விளம்பரத்துக்கு அழறாரு. இதெல்லாம் மருந்து கிடைக்காத உடம்போட அடையாளம். மருந்து ரத்தக் குழாய்ல போன அறிகுறி ஒண்ணுகூட இல்ல. உங்க சீசாவுல மட்டும் இருக்கு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இவர் ஜெல் முழுசையும் இடது கையில தேய்க்கறார். அவர் சட்டை சொல்லுது. அது முழங்கை மடிப்பு வரைக்கும் இறங்குது. ஒரு மணி நேரத்துல இங்க வந்து உக்கார்றார். இந்த நாற்காலியில இடது கையைத்தான் நீட்ட முடியும். பஞ்சால ஒரு இழுப்பு இழுத்துட்டு, அதே மடிப்புல ஊசி. தோல் மேல காயாத மருந்து ஊசியோட சேந்து சீசாவுக்குள்ள வருது. நாற்காலி இங்க வந்து நாலு மாசம். முதல் தப்பு எண் வந்தும் நாலு மாசம்."

"அய்யோ, என் ஊசியா?" என்றாள் கதவோரத்து அம்மாள்.

"உங்க மேல தப்பு இல்ல. முந்தாநேத்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு ரெண்டு கையிலயும் எடுத்தீங்களே, அந்தக் காகிதத்தைக் குடுங்க."

டாக்டர் வாங்கிப் படித்தார். இடது கை: 2,260. வலது கை: 148. ஒரே ஆள், ஒரே நிமிடம்.

அளவு நூற்று நாற்பத்தெட்டுக்கு இறங்கும்படி மருந்தைப் பாதியாக்கியது யார் என்பது டாக்டருக்கு நினைவு வந்துகொண்டிருந்தது. காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார். பிறகு மேடம் சொன்ன கேள்வியைக் கேட்டார்.

"ரெண்டு தோள்லயும்னுதானே சொல்லிக் குடுத்தேன்? ஏன் ஒரே கையில?"

மேடம் ஜன்னலைப் பார்த்தார். தபால்காரர் வாயைத் திறந்தார். மேடத்தின் செருப்பு அவர் செருப்பை மிதித்தது.

கிரேன்காரர் எழுந்தார். இடது கையைத் தூக்கினார். அது மார்பு வரை வந்து, அங்கேயே நடுங்கி நின்றது. நெற்றியில் வியர்வை புள்ளி புள்ளியாகத் துளிர்த்தது.

"இவ்ளோதான் வரும் டாக்டர். அஞ்சு மாசமாச்சு. இந்தக் கையால வலது தோளைத் தொட முடியாது. அதனால இருக்கறதை எல்லாம் வலது கையால இந்தப் பக்கமே தேய்ச்சேன். அப்புறம் தோளைத் தொட்டாலே உயிர் போச்சு. கீழ இறக்கி முழங்கைகிட்ட தேய்ச்சேன்."

"ஏன்யா சொல்லல?"

"கிரேனோட கையைச் சுத்தறது இடது லீவர். தோள் போச்சுன்னா அன்னிக்கே இறக்கிடுவீங்க."

தபால்காரருக்கு அப்போதுதான் புரிந்தது. வந்த மனிதர் ஒரு பழியைத் துடைக்கத்தான் கூலி கொடுத்தார். அதைத் துடைத்த அதே துணி, அவர் மறைத்து வைத்ததையும் வெளியே இழுத்துப் போட்டுவிட்டது. மேடத்துக்கு இது திங்கட்கிழமையே, அவர் மழைக்கோட்டை ஒற்றைக் கையால் உரித்தபோதே தெரிந்திருக்கிறது. கதவை மறித்துக்கொண்டு நின்றிருந்தவர் மெல்ல விலகி நின்றார்.

மூலையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. இரண்டு வாரத்தில் அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை. "அப்ப அந்த முதுகு?"

"இடது பக்கம் சாய முடியல. நீ அந்தப் பக்கம்தானே படுக்கற."

"நாலு மாசம்! வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா டாக்டர்கிட்ட போன்னு சொல்லுவ."

"சொல்லுவேன்."

"அதான்."

அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. கிரேன்காரர் எதிர் மூலைக்குத் திரும்பினார். "மாப்ள..." என்று ஆரம்பித்தார்.

"அது கடலை மாவு மாமா," என்றான் மச்சினன், தானாகவே. "வெறும் கடலை மாவு. நீங்க தூக்கி அடிச்சது."

கிரேன்காரர் சிரித்தார். சிரிப்பு பாதியில் தோளைக் குலுக்கியதால் முகத்தைச் சுளித்தார். டாக்டர் எழுதத் தொடங்கினார்: ஜெல் பழைய அளவுக்கே வரும். ஒரு மாதத்தில் மறுபடி சோதனை. ரத்தம் கொடுக்கும் நாளில் கொடுத்த பிறகுதான் மருந்து. தோள் சரியாகும்வரை தரை வேலை. கடைசி வரியை எழுதும்போது அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அதுவரைக்கும் வலது தோள்ல எப்படித் தேய்ப்பேன்?" என்று கேட்டார் கிரேன்காரர்.

மேடம் ஜெல் பெட்டியை எடுத்து, உள்ளிருந்த தாளை விரித்து அவர் முன் வைத்தார். மூன்றாவது வரியில் விரலை வைத்தார். தோள், மேல் கை, அல்லது வயிறு.

"வயித்துலயும் தேய்க்கலாம். மருந்து கைக்கு வந்த நாள்லேர்ந்து இதுல எழுதியிருக்கு."

கிரேன்காரர் அந்த வரியைப் படித்தார். திரும்பப் படித்தார். பிறகு அந்தத் தாளைப் பழைய மடிப்பில் மடிக்கப் பார்த்தார். ஒரு கையால் அது வரவில்லை. மனைவி வந்து அதை வாங்கி மடித்தாள்.

ஐந்து வாரம் கழித்து, தபால்காரர் மறுசோதனை அறிக்கையின் நகலைத் தானே போய் வாங்கிவந்தார். யாரும் அவரை அனுப்பவில்லை. அளவு 530. வலது கையில் எடுத்தது. இந்த முறை உறையைப் பிரித்துப் படிக்க அவருக்கு அனுமதி இருந்தும், மேடத்தின் மேசைக்கு வரும்வரை பிரிக்கவில்லை. பழக்கதோஷம்.

"ஆளைப் பாத்தீங்களா?" என்றார் மேடம்.

"பாத்தேன். கீழே நின்னு வலது கையால சிக்னல் குடுத்துட்டிருக்காரு. மேலே வேற ஒரு பையன். அவன் கிரேன் கையைச் சுத்தும்போதெல்லாம் இவரோட இடது கை தானா அசையுது மேடம், லீவரைப் பிடிச்ச மாதிரி. மச்சினன் தினம் தோளுக்குப் பயிற்சி குடுக்கறானாம். காது வரைக்கும் வந்துடுச்சு, தலைக்கு மேல வரலன்னாரு."

"திரும்ப ஏறுவாரா?"

"தெரியாதுன்னுட்டாரு. அதைச் சொல்லும்போது என்னைப் பாக்கல." தபால்காரர் உறையைத் தடவிக்கொண்டே கொஞ்சம் தயங்கினார். "கிளம்பும்போது அந்தம்மா சாப்பாடு கொண்டுவந்தாங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. வேற யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாங்க."

"என்ன?"

"கட்டில்ல பக்கம் மாத்திக்கிட்டாங்களாம்."